ரெஜிபோம் பருந்து

அந்தியில் மஃரிப் தொழுது முசல்லாப் பாயை மடித்து வைத்த கையோடு றுக்கியா உம்மா கேட்பது ஒரே காரியத்தைத்தான்.

"மகள், அந்தப் பருந்தைக் கொஞ்சம் உசுப்பி விடு."

மருமகள் ஸுல்பிகா மறுக்க மாட்டாள். அடுப்படிக் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அறைக்குள் போவாள். அலுமாரிக்கு மேலே இரண்டு இறக்கையையும் விரித்தபடி கிடக்கும் விமானத்தைப் பக்குவமாக இறக்கிக் கட்டிலில் வைப்பாள். முதலில் ரிமோட்டைப் போடுவாள். பிறகுதான் விமானத்தின் வயிற்று மூடியைத் திறந்து பெட்டரி வயரைக் கொழுவுவாள். இந்த ஒழுங்கு மாறினால் மூக்கிலிருக்கும் காத்தாடி திடீரென்று சுழன்று விரலை எடுத்துவிடும் என்று மர்ஸூக் சொல்லியிருக்கிறான். அந்தக் காத்தாடியையும் அவள் முன்னமே கழற்றி ஒரு பால்மா டின்னுக்குள் போட்டு வைத்திருந்தாள்.

வயர் கொழுவியதும் இறக்கைக்குள் இருக்கும் குட்டி மோட்டார்கள் ஒரு சிணுங்கல் சிணுங்கும். வலது இறக்கையின் ஓரத்தட்டு ஒரு விரல் நுனியளவு மேலே எழும்பும். இடது இறக்கையின் தட்டு அதே அளவு கீழே இறங்கும். அப்படியே நின்றுகொண்டு, யாரும் தொடாமலே, காய்ச்சல்காரனைப் போல மெல்ல முனகிக்கொண்டிருக்கும்.

றுக்கியா உம்மா கட்டில் காலடியில் குந்தி, காதை அதன் முதுகோடு வைத்துக் கேட்பாள்.

"மூச்சு வருது," என்பாள். "கேளு, நித்திரையில அவன் விடுற மூச்சு மாதிரியே."

ஸுல்பிகாவுக்கு அது குட்டி மோட்டாரின் சத்தம் என்று தெரியும். தெரிந்தும் என்ன செய்ய. அந்த நேரத்தில் அறைக்குள் மூன்றாவது ஆள் ஒருவர் இருப்பது போலத்தான் அவளுக்கும் இருக்கும். பயமாகவும் இருக்கும், நிறுத்தவும் மனம் வராது.

மர்ஸூக் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை. கச்சான் காற்று தொடங்கிய கிழமை அது. எத்தாளைக் கரையிலிருந்து போன ஃபைபர் போட்டில் இரண்டு பேர்: இவனும், உடப்பூர்க் கேதீஸ்வரனும். போட் கவிழ்ந்தது. கேதீஸ்வரன் மீன் பெட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு மிதந்து, அடுத்த நாள் கற்பிட்டிப் போட்காரர் கண்ணில் பட்டான். மர்ஸூக் கண்ணில் படவில்லை. உயிராகவும் இல்லை, மையித்தாகவும் இல்லை. கடற்படைக்காரர் தேடினார்கள், ஊர்ப் போட்டுகள் எல்லாம் தேடின. கவிழ்ந்த போட் கூடக் கிடைத்தது.

அப்போதிருந்து இந்த வீட்டில் காலம் ஓடவும் இல்லை, நிற்கவும் இல்லை. மையித்து இருந்தால் குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்கியிருப்பார்கள். ஸுல்பிகா வெள்ளை உடுத்து, நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்திருப்பாள். எதுவும் இல்லை. றுக்கியா உம்மா மகனுடைய சாரங்களைக் கிழமைக்கொரு தரம் துவைத்துக் கொடியில் போடுகிறாள். யாராவது வாய் தவறி "மௌத்தான மர்ஸூக்" என்று சொல்லிவிட்டால் அந்த ஆளோடு அவளுக்குக் கதை இல்லை.

அவளுக்கும் ஒரு நியாயம் இருந்தது, பிள்ளைகளே. தொண்ணூறாம் ஆண்டு ஆயுதக்காரர் முஸ்லிம்களையெல்லாம் மன்னாரை விட்டு எழும்பிப் போகச் சொன்னபோது, மர்ஸூக் கைக்குழந்தை. அவனை ஒரு துவாயில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு, ஆள் நிரம்பி விளிம்பில் தண்ணீர் தட்டும் வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தவள் அவள். "கடல்தான் அவனை எனக்குக் கொண்டு வந்து தந்துது. தந்ததைத் திருப்பி எடுக்குமா?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு, எதிரே நிற்பவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

பள்ளிவாசல் சரீப் மௌலவி ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார். முற்றத்தில் கதிரை போட்டுக் கொடுத்தார்கள். ஸுல்பிகா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"மகள், நான் அவசரப்படுத்த வரல்ல," என்றார் மௌலவி. "கேதீஸ்வரன்ட்டக் கேட்டம், மர்ஸூக் தாழ்ந்ததைக் கண்டீரா எண்டு. இருட்டு, காணல்ல எண்டு சொல்றார். காஸியார் ஒரு முடிவு சொல்றதுக்கு ஏதாவது ஒண்டு வேணும். நீங்களும் பெத்த தாயும் உறுதி எண்டு சொன்னா, மையித்து இல்லாமலே ஹாயிப் ஜனாஸா தொழ வைப்பம். உங்கட இத்தாவும் தொடங்கும். இப்பிடிக் கயித்துல தொங்குற மாதிரி இருக்கத் தேவையில்ல."

கதவுக்குப் பின்னாலிருந்து ஸுல்பிகா வாய் திறக்கு முன் றுக்கியா உம்மா சொன்னாள்:

"பிளேன்டீயைக் குடிச்சிட்டுப் போங்க ஹஸரத். ஆறப்போகுது."

அவர் போனதும் மருமகளைப் பார்த்து, "நீ சொன்னா உன் வாயால என்ட புள்ளய உசிரோட அடக்கினதா ஆகும். சொல்லுவியா?" என்றாள்.

ஸுல்பிகா சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததும் அவளுக்குப் பாரமாகத்தான் இருந்தது.

பருந்து என்றேன் அல்லவா, அது பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். கற்பிட்டிப் பக்கம் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர் ஒருவர், உடைந்த விளையாட்டு விமானமொன்றை ஹோட்டல் குப்பையோடு விட்டுப் போயிருந்தார். மர்ஸூக் அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். இறக்கை இரண்டும் தப்பியிருந்தன, இடது இறக்கை மட்டும் நுனியில் கொஞ்சம் முறுகியிருந்தது. உடம்பு நொறுங்கிவிட்டது. மீனுக்கு ஐஸ் போடும் வெள்ளைப் பெட்டி இருக்கிறதே, ரெஜிபோம், அதிலே புது உடம்பு வெட்டினான். வெட்டிய துண்டுகளைச் சுப்பர் குளூவால் ஒட்டப்போய், அது ரெஜிபோமைச் சீனி கரைகிற மாதிரித் தின்றுவிட்டது. பிறகு உருக்கி ஒட்டும் சூட்டுப் பசைக்கு மாறினான். நடுவே தென்னை ஈர்க்குகளைச் சொருகிப் பலம் கொடுத்தான். தலை வெள்ளையாகவும் உடம்பு செம்மண் நிறமாகவும் பூசினான்.

"கண்ணை நீ கீறு," என்று ஸுல்பிகாவிடம் கொடுத்தான். அவள் மார்க்கரால் கீறினாள். ஒரு கண் பெரிதாகப் போய்விட்டது.

"ஐயோ, அழிச்சிட்டுத் திரும்பக் கீறட்டா?"

"விடு. பாத்துட்டுப் பயப்படட்டும்."

பயப்பட வேண்டியது நீர்க்காகங்கள். கடல்நீர் தேங்கும் களப்பு ஓரத்தில் ஸப்வான் நானாவின் இறால் குளங்கள் இருந்தன. வெயில் ஏறுமுன் நீர்க்காகங்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கி முக்குளித்து இறாலைத் தின்னும். கயிறு கட்டினாலும் தகரம் அடித்தாலும் இரண்டு நாளில் பழகிவிடும். பருந்து வந்தால் மட்டும் பழகாது. கடலுக்குப் போகாத நாட்களில் மர்ஸூக்குக்கு அதுதான் தொழில்: குளத்துக் கட்டு மேட்டில் நின்று ரெஜிபோம் பருந்தை விடுவது. கேதீஸ்வரன் எறிவான், மர்ஸூக் ஓட்டுவான்.

இப்போது நீர்க்காகங்கள் திரும்பி வந்துவிட்டன. கேதீஸ்வரனும் கடலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஸப்வான் நானாவின் குளத்திலேயே குடிலொன்றில் தங்கி இறாலுக்குத் தீனி போடுகிறான். ஒரு நாள் ஸப்வான் நானா வேலியோரம் நின்று, "புள்ள, அந்தப் பருந்து சும்மா கிடக்குதெண்டா, விடத் தெரிஞ்ச யாராவது…" என்று இழுத்தார்.

"நான் விடுறன்," என்றாள் ஸுல்பிகா.

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது.

றுக்கியா உம்மா குடையைத் தூக்கிக்கொண்டு கூடவே புறப்பட்டாள். மருமகளை அந்நிய ஆணோடு குளத்தங்கரையில் தனியே விட முடியாது என்பது ஒன்று. பருந்தைக் கண் பார்வையில் இருந்து விட முடியாது என்பது இன்னொன்று. கட்டு மேட்டில் பாயை விரித்து, குடையை விரித்து, வெற்றிலைப் பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். கேதீஸ்வரன் "சுகமா உம்மா?" என்று கேட்டதற்கு அவள் மருமகளைப் பார்த்துச் சொன்னாள்:

"சுகம் எண்டு சொல்லு."

கடலிலிருந்து அவன் ஒருத்தன் மட்டும் வந்த நாளிலிருந்து அவனோடு அவளுக்கு நேர்க்கதை இல்லை. எல்லாம் மருமகள் வழியாகத்தான்.

காலையில் கச்சான் எழும்ப முன் கொஞ்ச நேரம் காற்று அசந்து கிடக்கும். அந்த நேரத்தில், டின்னுக்குள் கிடந்த காத்தாடியைத் திரும்பப் பூட்டிப் பழகினார்கள். கேதீஸ்வரனுக்கு எறியத்தான் தெரியும், ஓட்டத் தெரியாது. மர்ஸூக் ஓட்டும்போது பக்கத்தில் நின்று கேட்டதெல்லாம் காதில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் தடவித் தடவிப் படித்தார்கள்.

"தங்கச்சி, முதல்ல உசரம் போகட்டும் எண்டுவான். உசரத்துல பிழை விட்டாத் திருத்த நேரம் இருக்காம்."

"பிறகு?"

"பிறகு… ரிமோட்டுக் கம்பை முறிக்கிற மாதிரி இழுக்காதே எண்டுவான். தேத்தண்ணில சீனி கலக்கிற மாதிரி எண்டுவான்."

"அவர் கலக்கினா எந்தத் தேத்தண்ணிலயும் சீனி கரைஞ்சதில்ல," என்றாள் ஸுல்பிகா. குடைக்குக் கீழே றுக்கியா உம்மா சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டாள்.

போகும்போது பருந்து சொல் கேட்கும். இடம் என்றால் இடம், வலம் என்றால் வலம். ஆனால் இடப்பக்கம் திரும்பும்போது கொஞ்சம் அவசரமாகத் திரும்பும், வலத்துக்குச் சோம்பலாகத் திரும்பும். திரும்பி அவளை நோக்கி வரும்போதுதான் எல்லாம் தலைகீழ். அதன் இடது அவளுடைய வலதாகிவிடும். கை ஒரு பக்கம் இழுக்க, பருந்து மறுபக்கம் சரிந்து உப்புச் சேற்றில் குத்தும்.

"எதிர வரும்போது இடமா வலமா எண்டு யோசிக்காதே எண்டுவான்," என்றான் கேதீஸ்வரன். "எந்தப் பக்கம் தாழுதோ, அந்தப் பக்கம் கையக் குடு எண்டுவான். தாழுற பக்கம்…"

அவன் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, சேற்றில் குத்திய பருந்தை எடுக்கக் குளத்துக்குள் இறங்கிவிட்டான். நெடுநேரம் முதுகைக் காட்டிக்கொண்டே கழுவினான்.

உடைந்ததெல்லாம் ஒட்டினார்கள். மூக்கு நசுங்கும், வால் கழலும், வயிறு பிளக்கும். ஸுல்பிகாவின் கை படிப்படியாகப் பழகியது. பிளவின் இரண்டு வாயிலும் பசை தொட்டு, மூச்சைப் பிடித்து மனதுக்குள் எண்ணி, அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தம் கூடினால் ரெஜிபோம் பொரிந்துவிடும். ஒட்டுப் போடத் துண்டு தேவைப்பட்டால் கேதீஸ்வரன் கொண்டு வருவான். எங்கேயோ கடைகளில் கேட்டு, டீவி வந்த பெட்டிக்குள் இருக்கும் ரெஜிபோமாகப் பொறுக்கிக்கொண்டு வருவான்.

"கரையெல்லாம் உடைஞ்ச மீன்பெட்டி கிடக்கு," என்று றுக்கியா உம்மா மருமகளிடம் சொன்னாள், அவனுக்குக் கேட்கும்படியாக. "இவருக்கு டீவிப் பெட்டிதான் வேணுமாம். மாப்புள வீட்டார் கூட இப்பிடிப் பாத்துப் பாத்துப் பொறுக்க மாட்டாங்க."

கேதீஸ்வரன் குனிந்து டீவிப் பெட்டித் துண்டை அளவு பார்த்து வெட்டினான்.

ஸுல்பிகா விட்ட பிழை ஒரு வெள்ளிக்கிழமைக் காலை நடந்தது. இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தாள். நசுங்கிய மூக்கைச் சூட்டாவியில் காட்டினால் உப்பி வரும் என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். இடியப்பச் சட்டி மூடியைத் திறந்து ஆவியில் மூக்கைக் காட்டினாள். பாண் போலப் பொங்கி வந்தது. சந்தோஷமாக இருந்தது. அப்போதுதான் கண் இடது இறக்கைக்குப் போனது. அந்தப் பழைய முறுகல். வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே இருந்த கோணல். மர்ஸூக் அதை எத்தனை தரம் தட்டிப் பார்த்தும் நிமிரவில்லை.

ஆவியில் காட்டினாள். விரல் சுடச் சுட மெல்ல முறுக்கி நிமிர்த்தினாள். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைப் போட்டாள். இறக்கை கோடு கீறின மாதிரி நேராகிவிட்டது.

"மாமி, பாருங்க. உங்கட மகனுக்கு ஏலாமப் போனதை இடியப்பச் சட்டி செஞ்சிட்டு."

றுக்கியா உம்மா கையால் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு," என்றாள். குரலில் ஏதோ குறைந்திருந்தது. "அவன்ட கோணல் போயிட்டே."

அன்று குளத்தில் கேதீஸ்வரன் எறிந்த மாத்திரத்தில் பருந்து வலப்பக்கம் சரிந்தது. ஸுல்பிகா இடத்துக்கு இழுத்தாள். போதவில்லை. யாரோ மறுபக்கம் பிடித்து இழுக்கிற மாதிரி, இழுக்க இழுக்க வலத்துக்கே போய், மல்லாந்து, கட்டுக் கல்லில் அடித்து விழுந்தது.

நீர்க்காகங்கள் குளத்து நடுக் கம்பங்களில் இறக்கையை விரித்துக் காயப்போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தன.

"அவனுக்கு விருப்பமில்ல," என்றாள் றுக்கியா உம்மா. "தன்ட பருந்துல வேற கை படுறது பிடிக்கல்ல."

ஸுல்பிகாவும் அதைத்தான் நினைத்தாள்.

கேதீஸ்வரன் பருந்தைக் கொண்டுவந்து பாயில் வைத்தான். பெட்டரி இன்னும் கழலவில்லை, அது முனகிக்கொண்டிருந்தது. அவன் குந்தி உட்கார்ந்து அதன் இறக்கைகளையே பார்த்தான்.

"தங்கச்சி, ரிமோட்டுக் கம்பை விடுங்க. தொடாதீங்க."

விட்டாள். கம்பு நடுவில் நின்றது. ஆனாலும் வலது தட்டு மேலேயும் இடது தட்டு கீழேயும்தான் நின்றன. ஒவ்வொரு நாளும் மஃரிபுக்குப் பிறகு அவள் கட்டிலில் பார்த்த அதே கோலம்.

"இதுதான் விஷயம்," என்றான். "இறக்கை கோணல் எண்டதால பருந்து சும்மா விட்டா இடப்பக்கம் சரியும். அதுக்கு அவன் இந்தா, கம்புக்குக் கீழ இருக்கிற இந்தச் சின்னப் பொத்தானை வலத்துக்கு அழுத்தி அழுத்தி வெச்சிருக்கான். கோணலுக்கு எதிரா ஒரு கோணல். பக்கத்துல நிண்டு பாத்த நான் மறந்து போனன். ரிமோட்டு மறக்காது. ஓஃப் பண்ணினாலும் மறக்காது. இப்ப நீங்க இறக்கைய நிமித்திட்டீங்க. அவன் பிடிச்ச பிடி அப்பிடியே இருக்கு."

ஸுல்பிகா கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தாள்.

"அப்ப இதுக்குள்ள இருக்கிறது அவர்ட கை."

"அப்பிடித்தான்."

"திருப்பி அழுத்தினா?"

"நடுவுக்கு வரும். பருந்து நேராப் பறக்கும். அவன் வெச்சது போயிடும்."

றுக்கியா உம்மா எழுந்து வந்து ரிமோட்டை மருமகள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "இந்தப் பொத்தானை ஒருத்தரும் தொடப்படாது. இறக்கையத்தானே நிமித்தினாய்? திரும்பக் கோணலாக்கு. சட்டி இருக்கு, ஆவி இருக்கு."

ஸுல்பிகா ஆக்கிப் பார்த்தாள். உடைந்ததை ஒட்டியபின், அடுப்பில் வெறும் சட்டியில் தண்ணீர் கொதிக்க, இறக்கையை ஆவியில் காட்டிப் பழைய முறுகலைக் கையால் தேடினாள். கோணல் வரும், ஆனால் அவனுடைய கோணல் வரவில்லை. ஒரு நாள் கூடிப்போகும், ஒரு நாள் குறைந்துபோகும். ஒவ்வொரு காலையும் குளத்துக்குக் கொண்டு போவாள், ஒவ்வொரு காலையும் விழும். ஆவி பட்டுப் பட்டு இறக்கை நுனி ரெஜிபோம் மணிமணியாகத் தளரத் தொடங்கிற்று. விரலெல்லாம் கொப்புளம். மஃரிபுக்குப் பிறகு றுக்கியா உம்மா காதை வைத்துக் கேட்கும்போது, முனகல் முன்னையை விட வேதனையாகக் கேட்பது போல ஸுல்பிகாவுக்குத் தோன்றியது. நித்திரை இல்லை. கண்ணை மூடினால் யாரோ ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமி," என்றாள் ஒரு காலை, குளத்தங்கரையில். "ராத்திரி இறக்கையத் திரும்ப நேராக்கிட்டன். இன்னொரு தரம் ஆவி காட்டினா உதிர்ந்திடும். பிறகு கோணலும் இல்ல, பருந்தும் இல்ல."

றுக்கியா உம்மா ரிமோட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள். கொப்புளம் விழுந்த மருமகளின் விரல்களைப் பார்த்தாள். பிறகு முதல் முறையாகக் கேதீஸ்வரனை நேரே பார்த்தாள்.

"நீ கடைசியா என்ட புள்ளயோட இருந்தாய். சொல்லு. அவன் எங்க?"

கேதீஸ்வரன் தீனி வாளியை மெதுவாகக் கீழே வைத்தான்.

"மௌலவி கண்டீரா எண்டு கேட்டார் உம்மா. காணல்ல எண்டன். அது உண்மை. இருட்டுல என்னத்தக் காண."

"காணாததை நான் கேக்கல்ல. தெரிஞ்சதைச் சொல்லு."

அவன் அவளுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தான்.

"மிதந்தது ஒரு பெட்டிதான். ரெஜிபோம் பெட்டி. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். மூடிக்கு மேலால ஆளுக்காள் கையைப் பிடிச்சிருந்தம். முகம் தெரியாது. பாரம் தெரியும். அவன் இழுத்தா என்ட பக்கம் எழும்பும், நான் இழுத்தா அவன்ட பக்கம் எழும்பும். தராசு மாதிரி. கதைச்சுக்கொண்டே இருந்தான்."

"என்ன கதைச்சான்?"

"பருந்தைப் பத்தித்தான். தங்கச்சி கீறின கண் ஒண்டு பெரிசாப் போச்சில்லயா. பெரிய கண் கடலைப் பாக்குமாம், சின்னக் கண் வீட்டைப் பாக்குமாம். அதைச் சொல்லிச் சிரிச்சான். பல்லு அடிக்க அடிக்கச் சிரிச்சான்."

ஸுல்பிகா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"பிறகு கதை நிண்டுது. எங்க கையெல்லாம் விறைச்சுப்போச்சு. பிடிச்சிருக்கமா விட்டுட்டமா எண்டு கூட விளங்காது. ஆனா பாரம் இருந்துது. கனநேரம் இருந்துது. ஒரு நேரம் பெட்டி என்ட பக்கம் சாய்ஞ்சுது உம்மா. மெதுவா. அந்தப் பக்கம் ஒண்டும் இல்ல. அவன் தாழ்ந்த பக்கம் கையைக் குடுத்துப் பாத்தன். வெறும் தண்ணி. கவிழாம இருக்க நான் நடுவுக்கு வந்திட்டன்."

காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. குளத்தில் சின்னச் சின்னச் சுருக்கம் விழுந்தது.

"அதால மீன்பெட்டியத் தொட ஏலாது எனக்கு," என்றான். "இப்பவும் சாயுற மாதிரியே இருக்கும்."

றுக்கியா உம்மா குளத்தைப் பார்த்தாள். அவனை வள்ளத்தில் கொண்டு வந்த நாளைப் பார்த்தாளோ, என்னத்தைப் பார்த்தாளோ, நமக்குத் தெரியாது. பிறகு மருமகளைக் கூப்பிட்டாள்.

"மகள், வா. எந்தப் பொத்தான்?"

ஸுல்பிகா பக்கத்தில் உட்கார்ந்து, ரிமோட்டைப் போட்டு, பெட்டரி வயரைக் கொழுவிவிட்டுக் காட்டினாள்.

"நீ அழுத்து. என்ட விரல் மேல இருக்கட்டும்."

ஸுல்பிகாவின் கொப்புள விரல் மேலே றுக்கியா உம்மாவின் சுருங்கின விரல். அழுத்தினார்கள். ரிமோட்டு "டிக்" என்றது. வலது தட்டு மயிரளவு இறங்கியது.

"மெதுவா," என்றாள் மாமி. "மெதுவா, மகள்."

டிக். டிக். ஒவ்வொன்றுக்கும் தட்டு ஒரு மயிரளவு இறங்கியது. அவன் ஒரு நாளைக்குக் கொஞ்சமாக, பறக்க விட்டுப் பறக்க விட்டு வைத்த கோணல் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றது. கடைசியில் சத்தம் மாறியது. நீளமாக ஒரு "டீ…" கேட்டது.

"அது என்ன?"

"நடுவுக்கு வந்துட்டு மாமி."

இரண்டு தட்டும் இறக்கையோடு சமமாக நின்றன. முனகல் ஓய்ந்திருந்தது. றுக்கியா உம்மா குனிந்து காதை வைத்தாள். நிமிர்ந்தாள்.

நிமிர்த்தின இறக்கையோடு கேதீஸ்வரன் பருந்தைத் தலைக்கு மேலே தூக்கி எறிந்தான். அது சரியவில்லை. காற்றை எதிர்த்து, இழுத்த நூல் மாதிரி நேராகப் போயிற்று. குளத்துக் கம்பங்களில் இருந்த நீர்க்காகங்கள் ஒரு கணம் கழுத்தை நீட்டிப் பார்த்தன. பிறகு எல்லாம் ஒன்றாக எழும்பிக் களப்புப் பக்கம் கறுப்பாகச் சிதறின.

ஸுல்பிகா உயரத்தில் அதைத் திருப்பினாள். இப்போது இடத்துக்கும் வலத்துக்கும் ஒரே மாதிரித் திரும்பியது. அவளை நோக்கி வந்தது. காற்று ஒரு பக்கத்தைத் தட்டியது, தாழ்ந்த பக்கம் கை கொடுத்தாள், நிமிர்ந்து வந்தது.

அதைப் பார்த்தபடியே, ஒருவர் மௌத்தானால் சொல்வதை, இத்தனை காலமும் சொல்ல மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததை றுக்கியா உம்மா சொன்னாள்:

"இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்."

உரத்துச் சொல்லவில்லை. பக்கத்து ஆளுக்குக் கேட்கும் அளவுக்குத்தான். ஸுல்பிகாவின் கை கம்பிலேயே நின்றது. கண்ணீர் முகத்தில் ஓடியதைத் துடைக்கக் கை இல்லை.

"மாமி, இறக்கட்டா?"

"என்னத்துக்கு இறக்குறாய்?" மாமியின் குரல் உடைந்து, மறுபடி சேர்ந்தது. "இறங்கினா நீ வீட்டுக்குள்ள போகணும் மகள். போனா இத்தா முடியுமட்டும் வெளிய வர ஏலாது. பெட்டரி இருக்குமட்டும் பறக்கட்டும்."

பறந்தது. குளங்களுக்கு மேலே, உப்பு வெளிக்கு மேலே, கண்டல் மர ஓரம் வரைக்கும் போய்ப் போய் வந்தது. கேதீஸ்வரன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தான். குடை காற்றில் மல்லாந்ததை றுக்கியா உம்மா கவனிக்கவில்லை. கடைசியில் காத்தாடி ஓய்ந்தது. சத்தமில்லாமல் பருந்து காற்றில் வழுக்கி வந்து கட்டு ஓரப் புல்லில் வயிற்றை வைத்தது.

கேதீஸ்வரன் எடுத்து வந்தான். ஸுல்பிகா அவனைப் பார்க்காமல் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டாள். றுக்கியா உம்மாதான் வாங்கினாள்.

"மகன்," என்றாள் அவனை. "சரீப் மௌலவிட்டப் போய், இப்ப சொன்னதை அப்பிடியே சொல்லு. கண்டீரா எண்டு கேட்டா, கண் காணல்ல, கை கண்டுது எண்டு சொல்லு."

"ஓம் உம்மா."

"பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போ. முற்றத்துல பாய் போட்டு வைக்கிறன்."

அன்று அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் ஹாயிப் ஜனாஸா தொழுதார்கள். தொழுதுவிட்டு வந்த ஆண்கள் முற்றத்தில் நின்று சலாம் சொல்லிப் போனார்கள். கொடியில் சாரம் இல்லை. அறைக்குள் ஸுல்பிகா வெள்ளைச் சீலையோடு கட்டில் ஓரத்தில் இருந்தாள். பருந்து அலுமாரிக்கு மேலே, பெரிய கண் ஜன்னல் பக்கம், சின்னக் கண் அவள் பக்கம்.

மஃரிப் முடிந்தது. றுக்கியா உம்மா முசல்லாவை மடித்தாள். ஸுல்பிகா பழக்கத்தில் எழும்பப் போனாள்.

மாமி எட்டிப் பருந்தின் வயிற்று மூடியைத் திறந்து பெட்டரியைக் கழற்றி எடுத்தாள். அதைச் சீலைத் தலைப்பால் ஒரு தரம் துடைத்து, இழுப்பறையில் ரிமோட்டுக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள்.

"இத்தா முடியட்டும்," என்றாள். "நீர்க்காகம் எங்கயும் போகாது மகள்."